மனிதனுக்காகக் கருவியா, கருவிக்காக மனிதனா?

புது வீடு கட்டுகிறவனுக்கு மோசேயின் சட்டம் ஒரு சிறிய கட்டளையை விதிக்கின்றது. மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும்; எழுப்பாமல் விட்டு, யாராவது மேலிருந்து விழுந்து மடிந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின் மேல் வரும் என்பது அதன் கருத்து. இணைச்சட்ட நூல் (முன்னாளில் உபாகமம் என்று வாசித்தோமே, அதுதான்) 22 ஆம் அதிகாரத்தில் 8 ஆம் வசனம் இது. பறவைக் கூட்டைப் பற்றியும், மாட்டையும் கழுதையையும் ஒன்றாய்ப் பூட்டி உழக்கூடாது என்பதைப் பற்றியும் பேசும் கட்டளைகளுக்கு நடுவே இது வருவதால், எம்மில் பலர் மேலோட்டமாய் வாசித்துவிட்டு அப்பாற் போய்விடுகின்றோம்.

பாலஸ்தீன நாட்டு வீடுகளின் கூரை தட்டையானது. அது வெறும் கூரையன்று, வாழும் இடமுமாகும். எரிக்கோ நகரத்து இராகாபு ஒற்றர்களை மறைத்து வைத்தது கூரை மேல் அடுக்கியிருந்த சணல் தட்டைகளுக்குள்ளே. இராயப்பர் நண்பகல் வேளையில் செபிக்கப் போனதும் யோப்பா நகரில் ஒரு வீட்டு மேல்தளத்துக்கே. ஆகவே, அங்கே ஆட்கள் நடமாடுவார்கள், பிள்ளைகள் ஓடித் திரிவார்கள், வெக்கைக் காலத்தில் குடும்பமே நித்திரை கொள்ளும் என்பது கட்டுகிறவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை மறக்கலாகாது என்பதே கட்டளை. கூரையில் நிற்பவனைப் பார்த்து 'கவனமாய் நட' என்று அது புத்தி சொல்லவில்லை. அது பேசுவது கட்டுகிறவனோடு. அதுவும் கட்டும் வேளையிலே.

இந்த 'வேளை' என்பதைப் பற்றித்தான் இவ்வாரம் சிந்திக்க விரும்புகின்றோம். ஒரு பொருளை ஆக்குகிறவன், அதைப் பாவிக்கப் போகும் மனிதனை எப்போது நினைக்கக் கடமைப்பட்டவன்? இன்று நாம் இருக்கும் கதிரையும், பிள்ளை ஏறிச் செல்லும் வாகனமும், ஆஸ்பத்திரிக் கட்டிலும், தொழிற்சாலை இயந்திரமும் முதன்முதல் உருப்பெறுவது கணனித் திரையிலே. பட்டறையிலுமல்ல, உலையிலுமல்ல. ஆகவே எங்கள் காலத்துக் கைப்பிடிச் சுவர் எங்கே எழும்ப வேண்டும் என்ற கேள்வி அந்தத் திரையின் முன்னால் இருக்கும் ஆண்களையும் பெண்களையும் பற்றியது. அவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருக்கின்றார்கள். பேராதனையிலும் மொறட்டுவையிலும், கிளிநொச்சி அறிவியல் நகரிலும் பொறியியல் படித்து உலகெங்கும் போயிருக்கும் பிள்ளைகளைத்தான் சொல்கின்றோம்.

கருவியை ஆக்குகிறவனும் பாவிக்கிறவனும் ஒருவரையொருவர் அறிந்திருந்த காலத்தில் இக்கேள்வி எழவில்லை. எங்கள் கமக்காரர் மண்வெட்டிக்குப் பிடி போடுவிக்கப் போனால், வந்தவர் நெட்டையா குட்டையா என்பதைப் பட்டறையில் இருப்பவர் கண்ணாலேயே அளந்துவிடுவார். பிடி சரியில்லை, நாரி நோகின்றது என்றால் மறுநாளே திருப்பிக் கொண்டுபோகலாம். நாலு வார்த்தை ஏசவும் செய்யலாம். நாசரேத்தூர்ப் பட்டறையிலும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த வேதசாட்சியான புனித யுஸ்தீன், நமதாண்டவர் தச்சராயிருந்த நாட்களில் கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று எழுதி வைத்திருக்கின்றார். நுகம் பொருந்தாவிட்டால் மாட்டின் கழுத்து புண்ணாகிவிடும். தம்முடைய நுகம் இனியது என்று ஆண்டவர் சொன்ன இடத்தில் மத்தேயு பாவிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு 'நன்கு பொருந்துவது' என்றும் பொருள் கொள்ள இடமுண்டு என வேதாகம விரிவுரையாளர் சிலர் காட்டுவர். அது பட்டறையிலே கைபழகிய ஒருவரின் பேச்சு என்று எண்ணுவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

தொழிற்சாலை வந்தபின், ஆக்குகிறவனுக்கும் பாவிக்கிறவனுக்கும் நடுவே கடல்கள் வந்துவிட்டன. வரைகிறவர் ஓரிடம், வார்க்கிறவர் வேறிடம், பாவிப்பவர் யாரென்றே தெரியாது. முகமறியாதவனுக்கு வேலை செய்வதில் ஒரு சோதனை இருக்கின்றது. பொருளுக்கு ஏற்றபடி அவனை வளைத்துவிடலாம் என்ற எண்ணமே அது. அமெரிக்கப் பொறியியலாளர் பிரெடெரிக் டெய்லர் 1899 இல் பெத்லகேம் (பெயரைப் பாருங்கள்!) என்னும் உருக்குத் தொழிற்சாலையில் நடத்திய பரிசோதனை பேர்போனது. ஓர் ஆள் நாளொன்றுக்கு 12½ தொன் இரும்புப் பாளங்களைச் சுமந்து ஏற்றி வந்த இடத்தில், 47½ தொன் ஏற்ற வைத்தார். அந்தப் பாரத்தைத் தாங்கக்கூடிய ஆளைத் தேடிப் பிடித்து, எப்போது தூக்குவது, எப்போது இளைப்பாறுவது என்று மணிக்கூட்டைப் பார்த்துக் கட்டளையிட்டே இதைச் சாதித்தார். கூலியையும் கூட்டிக் கொடுத்தார். அதை மறைப்பது நியாயமல்ல. ஆனால், வேலை இருந்தபடியே இருக்க, அதற்கேற்ற மனிதன் பொறுக்கியெடுக்கப்பட்டான். மற்றவர்கள் வெளியே நின்றார்கள்.

உயிரற்ற பொருள் தொழிற்சாலைக்குள் போய் மேன்மையடைந்து வெளிவர, மனிதனோ அங்கே சீர்கெட்டுப் போகின்றான் என்று 1931 இல் பாப்பரசர் பதினோராம் பத்திநாதர் தமது சுற்றுமடலிலே மனம் நொந்தார். ஐம்பது ஆண்டுகளின் பின், 1981 இல், புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் இதன் வேரையே எடுத்துக் காட்டினார். உழைப்பு மனிதனுக்காக இருக்கின்றது, உழைப்புக்காக மனிதன் இல்லை என்பதே அவரது போதனையின் மையம். ஓய்வுநாளைப் பற்றி ஆண்டவர் பரிசேயருக்குச் சொன்ன நியாயம் இங்கே தொழிற்சாலைக்குள் நுழைகின்றது.

உழைப்பை மனிதனுக்குப் பொருத்தும் அறிவுக்கு எர்கொனொமிக்ஸ் என்று பெயர். வேலை, விதி என்ற இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1857 இல் இப்பெயரை எழுதியவர் வொய்ச்சேக் யஸ்திரெம்பொவ்ஸ்கி என்ற போலந்து நாட்டு அறிஞர். அது மறக்கப்பட்டு, 1949 இல் பிரித்தானியாவிலே மறுபடி வழக்குக்கு வந்தது. தமிழில் இன்று பணிச்சூழலியல் என்கின்றார்கள்.

இந்த அறிவு வளர்ந்த வரலாற்றில் ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டு விமானங்கள் சில, பத்திரமாய்த் தரையில் இறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிற்றில் விழுந்தன. விமானி இறக்கைத் தட்டுகளை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கிவிட்டார் என்பதே காரணம். ஒன்றல்ல, பல முறை நடந்தது. விசாரணைத் தாள்களில் 'விமானியின் தவறு' என்று பதியப்பட்டது. 1943 இல் அல்போன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானத்துக்குள் ஏறிப் பார்த்தார். இரண்டு வேலைக்குமான இரண்டு பிடிகளும் அருகருகே, உருவத்தில் ஒன்றுபோலவே இருந்தன. மணிக்கணக்காய்ப் பறந்து களைத்து, இருட்டில் வந்திறங்கும் ஒருவனுடைய கை எதைத் தொடும்? அப்பிடிகள் அப்படி அமையாத வேறு விமானங்களில் அந்தத் தவறு நேரவில்லை என்பதையும் அவர் கண்டார். சக்கரப் பிடியின் நுனியில் ஒரு சிறு இறப்பர்ச் சக்கரத்தையும், இறக்கைப் பிடியின் நுனியில் ஆப்பு வடிவமான ஒரு துண்டையும் பொருத்தினார். தடவிப் பார்த்தாலே தெரியும். விபத்துக்களும் நின்றன. இன்றும் விமானங்களில் சக்கரப் பிடியின் தலை சக்கரம் போலவே இருக்கின்றது.

இச்சம்பவத்தைப் பொறியியற் கல்லூரிகளில் ஒரு கெட்டித்தனமான திருத்தமாகச் சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கோ அந்த விசாரணைத் தாள்களில் பெயர் பதிந்த விமானிகளின் நினைவே வருகின்றது. தங்கள் மேல்தான் குற்றம் என்று அவர்களும் நம்பியிருப்பார்கள். கைப்பிடிச் சுவரில்லாத கூரையிலிருந்து விழுந்தவனைப் பார்த்து 'கவனமில்லாதவன்' என்று ஊர் சொன்ன கதை இது. ஒரு பொருளின் வடிவத்திலே குற்றம் இருக்கலாம் என்று அறியாத சமுதாயம், அந்தக் குற்றத்தை எப்போதும் பாவிப்பவன் தலையிலேயே சுமத்தும். இது பொய்ச்சாட்சிக்குச் சமீபமான ஒன்று.

வடிவத்திலே குற்றம் இருக்கலாம் என்று ஒரு நீதிமன்றமே சொன்ன வழக்கும் உண்டு. கலிபோர்ணியா மாநிலத்துக் கீரைத் தோட்டங்களிலும் பீட்றூட் தோட்டங்களிலும், பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்து வந்த தொழிலாளர்கள், பிடி ஏறத்தாழ ஓரடியே நீளமான சிறு மண்வெட்டியால் நாள் முழுதும் குனிந்தபடி நாற்றுக்களைக் களைய வேண்டியிருந்தது. 'எல் கோர்ட்டிட்டோ' என்று அதற்குப் பெயர். 'குட்டையன்' என்று சொல்லலாம். குனிந்து கிட்ட நின்றால்தான் நாற்றைப் பிழையாய் வெட்டாமல் இருப்பார்கள் என்று தோட்டக்காரர் நியாயம் சொன்னார்கள். இன்னொரு வசதியும் இருந்தது. நாரியை நிமிர்த்தி நிற்பவன் யாரென்று கங்காணி தூரத்திலிருந்தே கண்டுவிடலாம். முள்ளந்தண்டு நிரந்தரமாய்ச் சேதமடைவதைப் பற்றி வைத்தியர்கள் சாட்சி சொன்னார்கள். ஆபத்தான கைக்கருவிகளைக் கொடுக்கக்கூடாது என்று சட்டம் ஏற்கனவே இருந்தது. ஆனால் அது உடைந்த, பழுதான கருவிகளையே குறிக்கும், இது நல்ல மண்வெட்டிதானே என்று அதிகாரிகள் மறுத்தார்கள். 1975 ஜனவரியில் மாநில உயர் நீதிமன்றம் அவ்விளக்கத்தைத் தள்ளிவிட்டது. எப்படிப் பாவிக்கப்பட வேண்டுமென்று ஒரு கருவி செய்யப்பட்டிருக்கின்றதோ, அந்தப் பாவனையே உடம்பைக் கெடுக்குமானால், பழுதில்லாத கருவியும் ஆபத்தான கருவியே. அவ்வாண்டிலேயே குட்டையன் தடைசெய்யப்பட்டது. நீண்ட பிடியோடும் கீரை விளைந்தது.

பிடியை நீட்டுவதற்கு மரத்துண்டு போதும். விமானத்தின் பிடிக்கு இறப்பர்த் துண்டு போதும். ஆனால் ஒரு காரின் உடலையோ பொதிகட்டும் இயந்திரத்தையோ அப்படிப் பின்னால் வந்து திருத்த முடியாது. முன்னர் இவற்றைக் கடதாசியில் வரைந்து, மரத்திலோ களிமண்ணிலோ மாதிரி செய்து, அதில் ஓர் ஆளை இருத்திப் பார்த்த பின்புதான் முழங்கால் இடிக்கின்றதா, கை எட்டுகின்றதா என்று தெரிய வரும். அதற்குள் முக்கால்வாசிக் காரியங்கள் முடிவாகியிருக்கும். வார்ப்பு அச்சுக்களை உருக்கில் வெட்டிய பிறகு ஒரு தட்டை இரண்டு அங்குலம் இறக்குவதென்றால் அச்சையே மறுபடி செய்ய வேண்டும். திரையில் இருக்கும்போது அதே இரண்டு அங்குலம் ஒரு விரலசைவு.

இதனால்தான் கணனிக்குள்ளே மனித உருவத்தைக் கொண்டுவர முயன்றார்கள். 1960 களில் போயிங் விமான நிறுவனத்தில் வில்லியம் பெட்டர் என்பவர், விமானியின் கை எங்கே எட்டும் என்று பார்ப்பதற்காகக் கணனியைக் கொண்டு ஒரு மனித உருவத்தை வரைவித்தார். பின்னர் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 'சம்மி', பென்சில்வேனியாவில் 'ஜாக்', ஜேர்மனியில் கார் செய்வோருக்காக 'ராம்சிஸ்' என்று இவ்வுருவங்கள் ஒவ்வொன்றாய்ப் பிறந்தன. இவற்றை வரைபடத்துக்குள்ளே நிறுத்தலாம், இருத்தலாம், குனிய வைக்கலாம். எது கண்ணுக்கு மறைகின்றது, எது கைக்கு எட்டாது, நாரியில் எவ்வளவு பாரம் விழுகின்றது என்று அவை காட்டும். எல்லாம் சாதகமாய் இருந்தாலும் கையால் தூக்கத்தக்கது 23 கிலோவுக்கு மேற்படலாகாது என்று வைத்து, பொருள் உடம்பைவிட்டுத் தள்ளிப்போகப் போக, குனிவும் திரும்பலும் கூடக்கூட, அந்த எல்லையைக் குறைத்துக்கொண்டு போகும் கணக்கொன்று அமெரிக்காவில் 1991 இல் திருத்தி வெளியிடப்பட்டது. அதையும் இன்று திரையே போட்டுத் தந்துவிடும். ஒரு துண்டு இரும்பும் வாங்குவதற்கு முன்னால்!

அப்படியானால் ஏன் இன்னும் உடம்பை நோகச் செய்யும் பொருட்கள் பிறக்கின்றன? கடல் கடந்த நாடொன்றில் வடிவமைப்புத் தொழில் பார்க்கும் எங்கள் மறைமாவட்டத்து இளைஞர் ஒருவர் எழுதிய கடிதம் இதற்குப் பதில் தருகின்றது. பொதிகட்டும் இயந்திரம் ஒன்றை அவரது குழு வரைந்தது. மனித உருவத்தை வைத்துப் பார்க்கும் சோதனை எல்லாவற்றுக்கும் கடைசியாக, அச்சுக்கள் வெட்டியான பின்பே திட்டத்தில் போடப்பட்டிருந்தது. வைத்துப் பார்த்தபோது, உயரம் குறைந்த பெண்ணொருத்தி மேல்தட்டிலிருந்து ஒவ்வொரு பெட்டியையும் தோளுக்கு மேலே கையை உயர்த்தித்தான் இறக்க வேண்டும் என்று தெரிந்தது. அவர் இதை மேலிடத்துக்குச் சொன்னார். இனி மாற்ற முடியாது. பாவனைக் கைநூலில் சரியாகத் தூக்கும் முறையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, இயந்திரத்தில் எச்சரிக்கைத் தாள் ஒட்டிவிடு என்று விடை வந்தது. அந்தப் பக்கத்தைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். "பாதர், இது பாவமா? பாவமென்றால் எந்தக் கட்டளைக்கு எதிரானது?" என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாம் அதிகம் கேட்காத கேள்வியுங்கூட. நான் அவருக்கு எழுதியதன் சாரத்தை இங்கே தருகின்றேன்.

குருமடத்தில் ஒழுக்க இறையியல் படிப்பித்தவர்கள் அறியாமையை இரண்டாகப் பிரித்துச் சொல்லித் தந்தார்கள்: வெல்ல முடியாத அறியாமை, வெல்லத்தக்க அறியாமை. அறிய வழியே இல்லாதவன் குற்றவாளியல்லன். அறிய வழியிருந்தும் சோம்பலால் அறியாதிருந்தவன் குற்றத்திலிருந்து முற்றாகத் தப்பான். நூறு ஆண்டுகளுக்கு முன் இயந்திரம் வரைந்தவருக்கு, தாம் வரைவது எவளுடைய தோளை நோகச் செய்யும் என்று முன்கூட்டி அறியும் வழி அரிதாயிருந்தது. இன்று அவ்வழி மேசையின் மேலேயே இருக்கின்றது. கருவி வந்தவுடன் கடமையும் கூடவே வந்துவிட்டது. நேற்றுவரை துரதிர்ஷ்டம் என்று பெயர் பெற்றது, இன்று கவலையீனம் என்று பெயர் பெறுகின்றது.

மூன்றாவதாக ஒன்றையும் புனித தோமஸ் அக்குயினாஸ் சொல்லியிருக்கின்றார். அதுதான் இவ்விடத்தில் என்னை அதிகம் உறுத்துவது. தன் இஷ்டப்படி நடப்பதற்குத் தடை வந்துவிடுமோ என்று, வேண்டுமென்றே அறியாமல் இருப்பது அது. பதில் எதையும் மாற்ற முடியாத ஒரு நாளைப் பார்த்து அன்றைக்குக் கேள்வியை வைப்பது இந்த வகையைச் சேர்ந்ததல்லவா? சோதனை நடந்தது என்று கோவையில் இருக்கும், கையொப்பமும் இருக்கும். சுவர் மட்டும் இராது.

ஆகவே இளைஞருக்குச் சொன்னேன்: தம்பி, தீமையை நீர் விரும்பவில்லை; அறிந்தவுடன் வாய்திறந்தும் சொன்னீர். முடிவெடுக்கும் அதிகாரமும் உம்மிடம் இருக்கவில்லை. உமது ஒத்துழைப்பு தூரத்து ஒத்துழைப்பு. ஆன்மாவை நெரிக்கும் பாரமாக அதைச் சுமக்க வேண்டாம். எந்தக் கட்டளை என்றால், ஐந்தாம் கட்டளைக்குள் வரும். பிறரின் உடல்நலத்தைப் பேணுவதும் கொலை செய்யாதிருப்பதன் ஒரு கிளையே. ஆனால், நீர் எழுதிய அந்தப் பக்கம் உம்மைத் தொந்தரவு செய்வது நல்லதுதான். சரியாகத் தூக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பதில் பிழையில்லை. சுவருக்குப் பதிலாக அதை வைத்ததே பிழை. நாளைக்கு ஒருத்தியின் தோள் செயலற்றுப் போனால், 'கைநூலில் சொன்னபடி செய்யவில்லை' என்று அவளுக்கே திருப்பிக் காட்டப்படுவது அந்தப் பக்கமாக இருக்கும்.

செலவைப் பற்றிய வாதத்தை நாம் அலட்சியம் செய்யக்கூடாது. தொழில் நடத்துகிறவன் நட்டப்பட்டால் பத்துக் குடும்பம் அடுப்பெரிக்காது. அச்சு வெட்டியான பின் மாற்றுவது உண்மையிலேயே பெருஞ்செலவு. ஆனால் அந்த வாதம் முதல் நாளில் செல்லாது. கடைசி நாளிலேயே செல்லும். அதைச் செல்லுபடியாக்குவதே தாமதந்தான்.

இதைவிடக் கடினமான கேள்வி வேறொன்று: திரைக்குள்ளே நிறுத்தும் மனிதன் யார்? 'சராசரி மனிதன்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அமெரிக்க விமானப் படை 1950 இல் நாலாயிரத்துக்கு மேற்பட்ட விமானிகளை அளந்தது. அந்த அளவுகளை ஆராய்ந்த கில்பேர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர், உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, 4,063 பேரில் இப்பத்திலும் சராசரிக்குக் கிட்ட இருப்பவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவரும் இல்லை! சராசரி விமானிக்கென்று செய்த விமான அறை எவருக்குமே செய்யப்படாததாய் முடிந்தது. ஆசனங்கள் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடியனவாயும் பட்டிகள் நீட்டிக் குறுக்கக்கூடியனவாயும் இருப்பது ஏன் அவசியம் என்பதை இது காட்டுகின்றது.

இப்போது வடிவமைப்பவர்கள் சராசரியை விட்டுவிட்டு, நூறு பேரில் மிகச் சிறிய ஐவரையும் மிகப் பெரிய ஐவரையும் ஒதுக்கி, நடுவே உள்ள தொண்ணூறு பேருக்குப் பொருந்தச் செய்வது வழக்கம். கணக்கின்படி இது பெரிய முன்னேற்றம். ஆயினும், ஒரு ஆடு தவறியதற்காகத் தொண்ணூற்றொன்பதை விட்டுத் தேடிப்போன மேய்ப்பரை அறிந்த நாம், தொடக்கத்திலேயே பத்தைக் கணக்கிலிருந்து கழித்துவிடும் இப்பழக்கத்தைப் பார்த்துச் சற்றே துணுக்குற வேண்டும். அதுவும் பத்தோடு நிற்பதில்லை. உயரத்தில் பத்துப் பேர், கை நீளத்தில் வேறு பத்துப் பேர் என்று ஒவ்வோர் அளவிலும் ஒதுக்கப்படுவோர் கூடிக்கொண்டே போவர். எல்லாருக்கும் பொருந்தும் பொருளைச் செய்வது எப்போதும் இயலாது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் யாரை விட்டுவிடுகின்றோம் என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பொறுப்பேற்று விடுவது வேறு. அளவுப் பட்டியலில் அவர் இல்லை என்பதால் நினையாமலே விட்டுவிடுவது வேறு.

பட்டியலில் யார் இருக்கின்றார்கள்? இவ்வுருவங்களுக்கு உடல் கொடுத்த பெயர்பெற்ற அளவுத் தொகுதிகளில் ஒன்று 1988 இல் அமெரிக்கத் தரைப்படையினரிடம் எடுக்கப்பட்டது. வாகன விபத்துச் சோதனைகளில் முன்னாசனத்தில் நெடுங்காலமாக இருத்தப்பட்டு வந்தது நடுத்தர ஆணின் பொம்மை. பெண்ணின் பொம்மை என்று பின்னர் வந்ததும் பெரும்பாலும் அதைச் சிறிதாக்கிச் செய்ததே. வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தார் 2011 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒத்த விபத்துக்களில், ஆசனப் பட்டி அணிந்த பெண் சாரதி கடுங்காயமடையும் சாத்தியம் ஆணைவிட 47 வீதம் அதிகமாயிருந்தது. புதிய வாகனங்களில் இந்த இடைவெளி குறைந்து வருவது உண்மை. குறைக்கக்கூடியதாயிருந்தது என்பதற்கு அதுவே சான்றுமாகும்.

எங்கள் நாட்டிலும் இதற்கொரு நினைவூட்டல் உண்டு. 1978 இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்துக்குத் தைக்கப் போன கிராமத்துப் பெண்பிள்ளைகளை, அங்கிருந்த யப்பான் தையல் இயந்திரத்தின் பெயரால் 'ஜூக்கி' என்று ஊரார் இகழ்ச்சியாய் அழைத்தார்கள். ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் போய், இயந்திரத்தின் பெயர் மனிதப் பிறவிக்கு வந்தது. போருக்குப் பின் வன்னியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்திருக்கின்றன. எங்கள் பங்குகளின் பிள்ளைகள் அங்கே இருந்து தைக்கின்றார்கள். அவர்களது கதிரைக்கும் மேசைக்கும் அளவு கொடுத்தது யாருடைய உடம்பு என்று பெற்றோர் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

இனி எதிர்ப்பக்கத்தில் உள்ள ஆபத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாய் நடந்தவனாகேன். திரையில் உருவத்தை நிறுத்திவிட்டவன், தான் மனிதனைச் சந்தித்துவிட்டதாக எண்ணக்கூடும். அந்த உருவம் களைப்பதில்லை. அதற்கு மாதவிடாய் இல்லை, கர்ப்பம் இல்லை, வீட்டிலே காய்ச்சலாய்க் கிடக்கும் பிள்ளையின் நினைவு இல்லை. எட்டாம் மணித்தியாலத்திலும் முதலாம் மணித்தியாலம் போலவே கையை நீட்டும். யாக்கோபின் கிணற்றருகே நண்பகல் வேளையில் பயணக் களைப்போடு உட்கார்ந்துவிட்ட ஆண்டவரை அருளப்பர் எமக்குக் காட்டுகின்றாரே, அந்தக் களைப்பு எந்த அளவுத் தொகுதியிலும் இல்லை.

மனித உடல் தகுந்த முறையில் அமைக்கப்பட்டிருக்கின்றதா என்று ஆராயும் இடத்தில் அக்குயினாஸ் ஒரு வாளை உவமை காட்டுகின்றார். மரமறுக்கும் வாளைத் தச்சன் இரும்பால் செய்வானேயன்றிக் கண்ணாடியால் செய்யான். கண்ணாடி அழகுதான், ஆனால் அந்த அழகு அறுப்பதற்கு உதவாது. திரையில் தோன்றும் உருவங்களின் அழகைப் பார்க்கும்போது இந்தக் கண்ணாடி வாள் எனக்கு நினைவு வருவதுண்டு. அவற்றால் பயனில்லை என்பதல்ல. எட்டுமா, தெரியுமா, இடிக்குமா என்பவற்றை அவை நன்றாய் அறுத்துக் காட்டும். அதற்கப்பால் உள்ளதை அறிய, அந்த வேலையைச் செய்கின்ற ஆளை வரைபட மேசைக்கே கூப்பிட்டு இருத்திக் கேட்க வேண்டும். அதுவும் முதல் வாரத்திலேயே.

இளைஞர் பல மாதங்கள் கழித்து மறுபடி எழுதினார். அடுத்த இயந்திரத்துக்கு, முதற் கோடு வரைந்த அன்றே, பட்டியலில் உள்ள மிகச் சிறிய பெண்ணின் உருவத்தைத் திரைக்குள் நிறுத்தினாராம். மேல்தட்டு ஒரே பின்னேரத்தில் கீழிறங்கியது. ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை, ஒரு சதமும் செலவாகவில்லை. இயந்திரம் செய்து முடிந்து, தொழிற்சாலையில் ஓடத் தொடங்கிய பின்பு, அதில் வேலை செய்யும் பெண்களிடம் தாமே போய்க் கேட்டிருக்கின்றார். தட்டு நல்ல வசதி என்றார்களாம். நாள் முழுதும் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கின்றது, ஒரு கதிரை போட முழங்காலுக்கு இடமில்லையே என்றும் சொன்னார்களாம். அந்த இடத்தை எங்கே கண்டுபிடிப்பதென்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கின்றார்.